இல்லாத ஹெலிகாப்டருக்கு ஒரு அனுமதி

1

இன்று காலை எனக்கு ஓர் அனுமதி வந்து சேர்ந்தது. படப்பையைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டி இருக்கும் பொட்டல் மைதானத்துக்கு மேலே, நாளை ஒரு நாள் மட்டும், நாங்கள் ட்ரோன் பறக்கவிட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்வது அரசாங்கம் இல்லை, போலீஸ் இல்லை. அந்த ட்ரோனைச் செய்து விற்ற கம்பெனி. "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் கேட்டது போன வருஷம். நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். ட்ரோன் இருப்பது குரோம்பேட்டையில், என் தம்பி சாமுவேலின் வீடியோ ஸ்டுடியோ அலமாரியில். காபி ஆறும்வரை அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமைக்கு நன்றியாம். எனக்குப் பொறுமை இருந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது என்ன கூத்து என்று தோன்றும், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று அரசாங்கம் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அது நியாயம். விமானம் ஏறி இறங்கும் இடத்தில் விளையாடக்கூடாது என்பதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ஆனால் கம்பெனிக்காரனும் தன் பங்குக்கு இன்னொரு வரைபடத்தை ட்ரோனின் மூளைக்குள் வைத்துப் பூட்டி அனுப்புகிறான். அவன் சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் இறக்கை சுற்றாது. அரசாங்கமே பறக்கலாம் என்று சொன்னாலும் சுற்றாது. காசு கொடுத்து வாங்கியது நாம், "வேண்டாம் கண்ணு, கீழே விழுந்துடுவே" என்று கையைப் பிடித்துக்கொள்வது அவன்.

2

இந்த ஊருக்கு வந்து பிள்ளை பெற்று வளர்த்தாகிவிட்டது. டச்சில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன், ஆனாலும் கோபம் வந்தால் நாக்கு புரண்டுவிடும். அனுமதிக்கு இவர்கள் சொல் 'வெர்ஹுன்னிங்'. தவறுக்கு 'வெர்ஹிஸ்ஸிங்'. வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் போய் நின்று, "எனக்கு ஒரு தவறு வேண்டும், எத்தனை நாளாகும்?" என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் சிரிக்கக்கூட இல்லை. "நான்கிலிருந்து ஆறு வாரம்" என்றாள். இங்கே எதைக் கேட்டாலும் நான்கிலிருந்து ஆறு வாரம்தான்.

என் மகள் மிரியத்துக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. மிரு என்று கூப்பிடுவோம். அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேச வராது என்பாள். வராது என்பதைவிட, பேசினால் நான் திருத்துவேன் என்ற பயம். வீட்டில் அவள் பேச்செல்லாம் ஒற்றைச் சொல்தான். சாப்பிட்டாயா என்றால் 'யா'. வருகிறாயா என்றால் 'நே'. எந்தப் பேச்சு கொஞ்சம் நீண்டாலும் 'லாத் மார்' என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். 'விடு, வேண்டாம்' என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் பேச்சு இந்த 'லாத் மாரி'ல்தான் முடிந்திருக்கிறது.

அவளுக்கு வாய் திறக்கும் ஒரே விஷயம் ட்ரோன். சனிக்கிழமைகளில் ரொட்டிக் கடையில் வேலை செய்து சொந்தக் காசில் வாங்கினாள், அதற்கான பரீட்சை எழுதித் தேறினாள். முன்பு இங்கேயும் கம்பெனிப் பூட்டு இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். இப்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். படித்தேன், பொறுப்பு என்னுடையது என்று தட்டினால் போதும். மீறினால் போலீஸ் பார்த்துக்கொள்ளும், கம்பெனி குறுக்கே வராது. நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே பூட்டு பூட்டாகவே இருந்தது. அதே கம்பெனி, அதே பொம்மை. இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை போதுமாம், நம் ஊர்க்காரனுக்குக் கையில் விலங்கு வேண்டுமாம். அப்பாவின் தலைமுறை பேசிய வெள்ளைக்காரன் கதையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது என்றால் மிகை இல்லை.

போன வருஷம் அப்பா அம்மாவுக்கு ஐம்பதாவது கல்யாண நாள். ஊருக்குப் போகலாம் என்றதும் மிரு 'நே' என்றாள். அடுத்த வருஷம் அவள் படிக்க வேறு ஊருக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் அவள் தாத்தா பாட்டியைத் தேடி வருவாள் என்று எதிர்பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாமுவேலிடம் புலம்பினேன். அவன் நேராக அவளுக்கே வீடியோ காலில் வந்தான்.

"மிரு, மாமா ஒரு பிளான் வெச்சிருக்கேன். நம்ம சொந்தக்காரங்க அத்தனை பேரையும் அம்பதுன்னு நம்பர் மாதிரி நிக்க வெச்சு, மேல இருந்து ஒரு ஷாட். கன்ட்ரோலர் என் கையில, நீ வெளிநாட்டு பாஸ்போர்ட்டு, உன் கையில குடுத்தா மாமாவை உள்ள வெச்சிடுவாங்க. ஆனா டைரக்டர் நீ. எவன் எங்க நிக்கணும்னு நீ சொல்லு."

அவ்வளவுதான். மறுநாளே பெரிய தாளில் ஐந்தும் பூஜ்யமும் வரைந்து கொண்டுவந்தாள். யார் யார் வருவார்கள், யார் உயரம், யாருக்கு வெயிலில் நிற்க முடியாது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று துருவித் துருவிக் கேட்டாள். இவர்கள் மொழியில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோரும் ஒரே 'தந்தே'தான். அதனால் அவள் எல்லோருக்கும் நம்பர் கொடுத்துவிட்டாள். பூஜ்யத்தில் ஏழாவதாக நிற்க வேண்டிய என் பெரிய அத்தை 'பூஜ்யம் ஏழு' ஆனாள். ஆனாலும் கிளம்பும்வரை தினமும் சாப்பாட்டு மேஜையில் என் மகள் என் குடும்பத்தைப் பற்றி என்னிடம் பேசினாள். அந்தப் படம் நன்றாக வந்தே ஆகவேண்டும் என்று நான் ஏன் அப்படித் துடித்தேன் என்றால், இதற்காகத்தான்.

3

மிருவின் ட்ரோனைக் கொண்டுபோக முடியாது, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். சாமுவேலுடையதுதான் கதி. குரோம்பேட்டை மொட்டை மாடியில் அவன் அதை எடுத்து வைத்து அவளுக்குக் காட்டினான். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பக்கம் மீனம்பாக்கம், மறு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், நடுவில் நாங்கள்.

"நம்ம ஏரியால கொசு பறந்தாகூட மேல சொல்லிட்டுத்தான் பறக்கணும் மிரு" என்றான்.

அதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு விமானம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பம்மலில் இருக்கும் என் பெரிய அத்தை, தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சைப் பாதியில் நிறுத்துவாள். வாயைத் திறந்தபடியே காத்திருந்து, சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவாள். "அவன் பொண்டாட்டி கிட்ட" என்று நிற்கும். இரண்டு நிமிஷம் கழித்து "சொல்லவே இல்லியாம்" என்று முடியும். இடையில் நாங்கள் யாரும் பேசமாட்டோம். என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமான புதிதில் அத்தைக்கு ஏதோ வியாதி என்று பயம். இப்போது ஐந்தோவன் விமானம் போகும்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன், எதிரே இருக்கும் டச்சுக்காரர்கள் எனக்குச் சொல் வரவில்லை என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். விமானத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து வளர்ந்த ஜனங்களுக்கா ஒரு பொம்மைக் கம்பெனி ஒழுக்கம் கற்றுத்தர வேண்டும்?

சாமுவேல் வேறு இடம் பார்த்து வைத்திருந்தான். காலையில் குரோம்பேட்டை தேவாலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை, மதியம் படப்பையைத் தாண்டி அந்த மண்டபத்தில் பிரியாணி. பக்கத்திலேயே மைதானம்.

"கவர்மென்ட் மேப்புல அங்க பச்சைக்கா. நாமளும் கீழதான் பறக்க வுடப் போறோம், ஒரு பிரச்சனையும் இல்ல. அதைவிட சூப்பர் மேட்டர் என்னன்னா, நமக்கு ரவுண்டு வேற ரெடியா கீது. சிமென்ட்டுல பக்காவா போட்டு வெச்சிருக்கான். பூஜ்யத்துக்கு நாம சுண்ணாம்பு கூட போட வேணாம்."

எப்படி ஒரு மைதானத்தில் சிமென்ட் வட்டம் வந்தது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓசியில் ஒரு பூஜ்யம் கிடைத்த சந்தோஷம்.

4

ஆராதனை முடித்து எல்லோரும் வேனில் வந்து இறங்கினோம். நல்ல வெயில். ஐந்துக்கு மட்டும் சாமுவேல் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருந்தான். பூஜ்யத்துக்கு அந்த சிமென்ட் வட்டம். மிரு கையில் தாளோடு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் கத்தினேன். பட்டுப்புடவைகள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தன. பேச்சுவார்த்தை இல்லாத என் இரண்டு மாமிகளையும் மிரு ஐந்தின் இரு முனைகளில் வைத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் பூஜ்யத்தின் நடுவே நாற்காலியில். அம்மாவுக்கு முட்டிவலி. வட்டத்தில் இரண்டு ஆள் இடம் மட்டும் காலியாக விட்டிருந்தோம். ட்ரோன் மேலே போய் நின்றதும் நானும் மிருவும் ஓடிப்போய் நிற்பதாக ஏற்பாடு.

சாமுவேல் ட்ரோனைத் தரையில் வைத்துக் கன்ட்ரோலரைத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினான். திரையில் ஒரு செய்தி வந்தது. மிரு அதை வாசித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவள் முகம் மாறியது.

"ஹெலிபேட்" என்றாள்.

"எங்க?" என்று சாமுவேல் வானத்தைப் பார்த்தான்.

அவள் கீழே காட்டினாள். எல்லோரும் காலுக்குக் கீழே பார்த்தோம். வட்டத்துக்கு நடுவே, அப்பா அம்மாவின் நாற்காலிக் கால்களுக்குப் பக்கத்தில், மண் மூடி, வெள்ளை மங்கிய ஒரு பெரிய ஆங்கில 'எச்' எழுத்து.

மண்டப மானேஜர் வந்து சொன்னார். என்றைக்கோ ஒரு தலைவர் ஏதோ திறப்பு விழாவுக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாராம். அதற்குப் போட்ட வட்டம். அதற்கப்புறம் அங்கே இறங்கியது காக்காய்தான். ஆனால் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து எவனோ ஒருவன் செயற்கைக்கோள் படத்தில் இந்த வட்டத்தைப் பார்த்து, ஆகா, ஹெலிகாப்டர் தளம் என்று சிவப்பைக் கொட்டிவிட்டான். எந்த வட்டம் ஓசியில் கிடைத்தது என்று குதித்தோமோ, அதுவே எங்களைக் கட்டிப்போட்டுவிட்டது.

"வந்தவரு கையை ஆட்டிட்டுப் போய்ட்டாரு, வட்டத்தை மட்டும் நம்ம தலையில வுட்டுட்டுப் போய்ட்டாரு" என்றாள் பம்மல் அத்தை.

மிரு கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள். ஏதோ ஒரு இயந்திரம் மிகவும் பணிவாகப் பேசியது. பூட்டைத் திறக்கலாமாம், ஹெலிகாப்டர் தளத்தின் நிர்வாகியிடமிருந்து ஒப்புதல் கடிதம் வேண்டுமாம். இது தளமே இல்லை என்று அவள் எழுதினாள். அப்படியென்றால், இது தளம் இல்லை என்று தளத்தின் நிர்வாகியிடமிருந்து கடிதம் வேண்டுமாம்.

"நிர்வாகியா?" என்றான் சாமுவேல். "காலையில நான் கோடு போடும்போது ரெண்டு எருமை நின்னுகினு இருந்துச்சு. அதுங்க கிட்ட வேணா கையெழுத்து வாங்கலாம்."

சிரித்தார்கள். ஆனால் வெயிலில் எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? அவன் அதை அணைத்துப் போட்டான், அங்கே வைத்தான், இங்கே வைத்தான், பேட்டரிதான் இறங்கியது. அப்போது மண்டபத்திலிருந்து சமையல் மாஸ்டர் குரல் கொடுத்தார்.

"சார், தம் உடைச்சாச்சு! சூட்டோட வாங்க!"

பிரியாணி வாசனை வந்த பிறகு எந்தக் குடும்பம் நம்பராக நிற்கும்? முதலில் பூஜ்யம் கலைந்தது. பிறகு ஐந்தின் வால் கழன்றது. நான் கத்திப் பார்த்தேன், "ரெண்டு நிமிஷம்", "ஒரு நிமிஷம்" என்று கெஞ்சிப் பார்த்தேன். மிரு தன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

"லாத் மார்" என்றாள்.

இந்தச் சொல்லுக்காகவா ஐயாயிரம் மைல் தாண்டி வந்தேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கம்பெனிக்காரன் எதிரே இருந்திருந்தால் அந்த ட்ரோனை அவன் தலையில் போட்டிருப்பேன், நிஜமாகவே.

5

எல்லோரும் போன பிறகும் அம்மா மட்டும் வட்டத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் செவப்பு எது வரைக்கும் போட்டிருக்கான்?" என்று மிருவைக் கேட்டாள். தமிழில்தான். அவளுக்கு வேறு மொழி தெரியாது.

மிரு போனைக் காட்டினாள். சிவப்பு, சாலையோடு முடிந்திருந்தது. சாலைக்கு மறுபுறம் மனை போட்டு விற்கும் இடம், கலர் கொடியும் எல்லைக் கல்லுமாகக் காலியாகக் கிடந்தது.

"அப்ப ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னுட்டா போச்சு. மெஷினு வரலன்னா நாம போவோம்" என்று அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ போய்க் கூட்டினு வா. நான் மெதுவா நடக்கறேன்."

நான் கிளம்பினேன். மிரு என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளே பந்திக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். அங்கே நம்பர் செல்லாது. பூஜ்யம் ஏழு என்றால் யார் திரும்புவார்கள்? ஒரு கணம் திணறினாள். பிறகு இலையில் குனிந்திருந்த பம்மல் அத்தையின் தோளைத் தொட்டு, "சித்தி, வாங்க" என்றாள்.

எழுபது தாண்டிய அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சித்தியா? நானா?" என்று கேட்டுவிட்டு, "அவ்ளோ சின்னவளாவா தெரியறேன்?" என்று எலும்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் மிருவுக்குத் தைரியம் வந்துவிட்டது. மாமியை அத்தை என்றாள். என் சித்தப்பாவை அண்ணா என்றாள். ஒரு முறைகூடச் சரியாக வரவில்லை, நானும் முதல் தடவையாகத் திருத்தவில்லை. வெள்ளைக்காரப் பொண்ணு வாய் நிறையக் கூப்பிடுது என்று பாதிப் பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவியும் கழுவாமலும் சாலையைக் கடந்தார்கள்.

மறுபுறம் வட்டம் இல்லை, கோடும் இல்லை. எல்லைக் கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு ஐந்து எப்படியோ நின்றுவிட்டது. பூஜ்யத்துக்குக் கைகோத்துத்தான் நிற்க வேண்டியிருந்தது. அவசரத்தில் என் மாமிகள் இருவரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். கையைப் பிடிக்கவில்லை. ஒரு கைக்குட்டையின் இரண்டு முனையை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேர் இடத்தையும் மறக்காமல் விட்டிருந்தார்கள்.

இறக்கை சுற்றியது. ட்ரோன் எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், பூஜ்யம் விட்டுப்போய், மறுபடி கைகோத்தது. மிரு திரையைப் பார்த்து "இன்னும் மேல, மாமா, இன்னும் மேல" என்றாள். தமிழில் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு "அம்மா, ஓடு!" என்றாள். நாங்கள் நாலடி ஓடியிருப்போம். பேட்டரி குறைவு என்று அது கத்தியது. அந்தப் பக்கம் வீணடித்த பேட்டரி. யாரையும் கேட்காமல் தானாகக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. சாமுவேல் எதையெதையோ அழுத்தினான். பறக்கவும் அதுதான் தீர்மானிக்கும், இறங்கவும் அதுதான் தீர்மானிக்கும். எனக்குத் திட்டக்கூட மூச்சு இல்லை.

6

படம் இருக்கிறது. ஐந்து கொஞ்சம் கோணல். பூஜ்யம் முட்டை மாதிரி. நடுவே நாற்காலியில் இரண்டு புள்ளிகள், அப்பாவும் அம்மாவும். பூஜ்யத்தின் வலது பக்கம் இரண்டு ஆள் இடம் காலியாக, வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஓடும் நிலையில் இரண்டு மங்கல் நிழல்கள்கூட விழவில்லை, நாங்கள் சட்டகத்துக்கு வெளியே.

ஊர் திரும்பும் முன் மிரு விடாப்பிடியாக மண்டப மானேஜரிடம், இங்கே ஹெலிகாப்டர் எதுவும் வருவதில்லை என்று கடிதம் வாங்கி, என் பெயரில் கம்பெனிக்கு மனுப் போட்டாள். அதற்குத்தான் இன்று காலை பதில். என் நாக்குப் புரட்டல்தான் சரி. அனுமதி கேட்டால் கடைசியில் ஒரு தவறுதான் வந்து சேருகிறது.

மிரு இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். கடிதத்தை அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். சிரித்தாள், டச்சில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், பிறகு பாட்டியையும் இணைக்கச் சொன்னாள்.

குரோம்பேட்டை வீட்டுக் கூடத்தில் அம்மா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி வைத்திருக்கிறாள். திரையில் அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலி இடத்தில் என்னுடையதும் மிருவுடையதுமாக இரண்டு பாஸ்போர்ட் போட்டோவைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் கடுகு அளவு. எங்கள் தலை மட்டும் பூசணிக்காய் அளவு.

"கம்ப்யூட்டர்லயே ஒட்டித் தரேன்னு சாமு சொன்னான். அவன் எப்ப ஒட்டறது" என்றாள் அம்மா.

"பாட்டி, அது அசிங்கமா இருக்கு. எடுங்க" என்றாள் மிரு.

"எடுக்கலாம், எடுக்கலாம்."

இப்போது 'லாத் மார்' வரும் என்று நான் காத்திருந்தேன்.

"பாட்டி" என்றாள் மிரு. "அந்த எடம் இன்னும் காலியா இருக்கா?"

சாலைக்கு மறுபுறம் இருந்த மனைகளைத்தான் கேட்டாள். எனக்குத் தெரியும். அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலியாத்தான்டி இருக்கு" என்றாள். "போட்டோவ ஒட்டிட்டா ஆளு வந்துட்ட மாதிரி ஆயிடுமா?"